விரதம் முடிந்த மறுநாள்: குடியை விட்டவர்கள் கூடி வாழும் வீடுகளின் வரலாறு





போன மாசம் அன்னதானம் முடிந்து நடந்த கூட்டத்தில் பேசப்பட்ட விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் உள்ள தாமானில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது. குடியையும் போதையையும் விட்டு வெளியே வந்த ஆறு பேர் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாகத் தங்க ஆசைப்படுகிறார்கள். மாச வாடகையை அவர்களே வேலை செய்து கட்டுவார்கள். முன்பணத்துக்கு மட்டும் கோயில் கைகொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

கூட்டத்தில் பல குரல் எழுந்தது. "பிள்ளைங்க நடமாடுற இடம், வேணாம்" என்றார்கள் சிலர். "கோயில் பேரு கெட்டுப் போகும்" என்றார்கள் சிலர். "பாவம், ஒரு வாய்ப்பு கொடுக்கலாமே" என்றும் சிலர். அடுத்த கூட்டத்தில் முடிவு எடுக்கணும். அதுக்கு முன்னாடி, இந்த மாதிரி வீடுகள் உலகத்தில் எப்படி வந்தது, யார் ஆரம்பித்தது, நம்ம மக்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க.

விரதம் எப்படி வேலை செய்கிறது?

முதலில் நமக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முன்னால் நாம் பார்க்கிற காட்சிதான் இது. வருஷம் முழுக்கக் குடிக்கிற ஆள், காவடிக்கு நேர்ந்துக்கிட்டு மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டு தொட மாட்டார். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிற எங்களுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். விரத நாட்களில் திங்கட்கிழமை எம்.சி. குறையும். சம்பளத்துக்கு மறுநாள் ஆள் காணாமல் போவது குறையும். அதே ஆள், அதே உடம்பு, அதே மெஷின்.

அந்த நாட்களில் அவரைத் தாங்கிப் பிடிப்பது எது? பக்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் பக்தியோடு சேர்ந்து இன்னும் பல விஷயம் நடக்குது, கவனிங்க. சாயங்காலம் போறதுக்கு ஓர் இடம் இருக்கு, கோயில். கூட இருக்கிறவங்களும் மாலை போட்டவங்க. தரையில் படுக்கை, நேரத்துக்கு எழுந்து குளியல், சைவச் சாப்பாடு என்று நாளுக்கு ஒரு ஒழுங்கு வந்துடுது. நேற்று வரைக்கும் "டேய்" என்று கூப்பிட்டவன் இன்றைக்கு "சாமி" என்று கூப்பிடுறான். பழைய கூட்டாளி பாட்டிலை நீட்டினால், "மாலை போட்டிருக்கேன்" என்ற ஒரே பதில் போதும். யாரும் மேலே வற்புறுத்த மாட்டாங்க.

பிறகு தைப்பூசம் முடியும், மாலையைக் கழற்றுவாங்க. மறுநாளே பழைய நண்பர்கள் வாசலில் நிற்பாங்க. அந்த மறுநாளைத் தாண்டியவர்களும் உண்டு, தாண்டாதவர்கள் நிறைய உண்டு. விரதத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கு. குடி நோய்க்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது. இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே படிங்க.

தோட்டத்துக் கள்ளுக்கடை

நம்ம தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்துக்கு வந்த காலத்தில், லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. அது திருட்டுக் கடை இல்லை, அரசாங்க உரிமம் பெற்ற கடை. துரைமார் அதுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். தொழிலாளிக்குக் கள்ளு சத்து, கடை இல்லாவிட்டால் இன்னும் மோசமான சம்சுவைத் தேடிப் போவான் என்றார்கள். அரசாங்கத்துக்குக் கள்ளில் வரி வந்தது. தோட்டக் கடை லாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கு என்று நிதியாகவும் போனது. அதாவது குடித்த காசிலேயே குடித்தவனுக்கு நலத்திட்டம்! காலையில் பால் வெட்டிச் சம்பாதித்தது சாயங்காலம் அந்தக் கடைக்கே போய்ச் சேர்ந்தது.

நம்ம ஆளுங்க இதைச் சும்மா ஏற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்த ஆர்.எச். நாதன் அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் அவமானம் ஒழியணும் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோய்க்கு வைத்தியம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் கள்ளுக்கடையை மூடணும் என்பதும் இருந்தது. அந்த மே மாசம் நாதன் கைது செய்யப்பட்டுப் பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் இளைஞர்கள் திரண்டார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்து வந்தவர்களைத் தட்டிக் கேட்டார்கள். 1947ல் பீடோங்கில் மறியல்காரர்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்தது, அதிலும் உயிர் போனது. இன்றைக்கு நாம் "தொண்டர்" என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இந்த நாட்டில் இப்படி ஒரு பழைய கணக்கும் இருக்கு.

காலம் போகப் போகக் கள்ளுக்கடைகள் குறைந்தன. தோட்டங்களும் துண்டாடப்பட்டு, ரப்பர் போய் செம்பனை வந்தது, சில இடத்தில் வீட்டுமனை வந்தது. மக்கள் பட்டணத்துக் குடிசைக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்தார்கள். சம்சு கூடவே வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையில் மலிவுச் சாராயத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் குரல் கொடுத்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மறந்திருக்க மாட்டீங்க.

கடையை எதிர்த்துப் போராடியவர்கள் செய்தது பெரிய காரியம். அந்தத் தியாகத்துக்குக் கும்பிடு போடணும். ஆனால் கடை மூடினாலும், குடியை விட்டவன் அன்றைக்கு ராத்திரி எங்கே தூங்குவான், யாரோடு சாப்பிடுவான், வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பான் என்ற கேள்வி அப்படியே இருந்தது. அந்தக் கேள்விக்கு வேறு ஊர்களில் என்ன பதில் கண்டார்கள் என்று இனிப் பார்ப்போம். அமெரிக்கா வரைக்கும் போகணும், ஏன்னா அங்கேதான் இந்தக் கதை முழுசாகப் பதிவாகி இருக்கு.

ஆறு குடிகாரர்கள் எடுத்த சபதம்

1840ல் பால்டிமோர் நகரத்தில் சேஸ் என்பவரின் மதுக்கடையில் கூடிக் குடித்துக்கொண்டிருந்த ஆறு பேர், இனிமேல் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தார்கள். தங்கள் சங்கத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் பெயரை வைத்தார்கள். பாதிரியாரோ பணக்காரரோ வந்து புத்தி சொல்லவில்லை. குடித்தவன் குடிப்பவனிடம் தன் கதையைச் சொன்னான். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து சபதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன்கூட 1842 பிப்ரவரி 22ல் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தச் சங்கத்தின் கூட்டத்தில் பேசினார்.

சில வருஷத்திலேயே அந்த அலை அடங்கிப்போனது. கையெழுத்துப் போடுவது ஒரு நாள் வேலை, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் வாழணுமே. நம்ம விரதத்தின் கதைதான் அங்கேயும். ஆனால் அவர்கள் ஒரு விதை போட்டுவிட்டுப் போனார்கள். 1857ல் பாஸ்டனிலும் 1863ல் சிகாகோவிலும் வாஷிங்டன் பெயரைத் தாங்கிய இல்லங்கள் ஆரம்பமாயின. குடியை விட நினைப்பவன் சிறைக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் போகாமல், ஒரு வீட்டில் தங்கித் தேறலாம் என்ற எண்ணம் அங்கே உருவம் எடுத்தது.

அடுத்த படி 1935. அக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இரண்டு பேருமே குடியில் அழிந்துகொண்டிருந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசினால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இன்று ஏ.ஏ. என்று உலகம் முழுக்கக் கூட்டம் நடத்தும் அமைப்பு அங்கே பிறந்தது. வாழ்நாள் சபதம் எதுவும் அங்கே கேட்கவில்லை, இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு என்றார்கள். ஆனால் ஏ.ஏ. கூட்டம் ஒரு மணி நேரம்தான். மிச்சம் 23 மணி நேரம் அவர் எங்கே இருப்பார்?

வீட்டை மூடப்போகிறோம் என்றார்கள்

அந்த 23 மணி நேரத்துக்கு விடை 1975ல் வந்தது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், மாவட்ட நிர்வாகம் ஒரு மறுவாழ்வு இல்லம் நடத்திவந்தது. ஆறு மாசம் வரைக்கும் தங்கலாம், பிறகு வெளியேறணும். வெளியேறியவர்களில் பலர் மீண்டும் குடிக்கப் போனதை உள்ளே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் பணம் இல்லை என்று சொல்லி நிர்வாகம் இல்லத்தையே மூட முடிவு செய்தது.

உள்ளே தங்கியிருந்தவர்களில் பால் மொல்லாய் என்பவர் ஒருவர். சட்டம் படித்து, அமெரிக்க செனட் சபையின் குழு ஒன்றில் வேலை பார்த்தவர். படிப்பும் பதவியும் இருந்தும் குடி அவரை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. "மூட வேணாம், வீட்டை நாங்களே வாடகைக்கு எடுத்துக்கிறோம்" என்றார்கள் அவரும் கூட இருந்தவர்களும். மேனேஜர் கிடையாது, காவலாளி கிடையாது, சமையல்காரர் கிடையாது. எல்லா வேலையும் அவர்களே செய்தார்கள். ஏ.ஏ.யின் ஆரம்ப காலத்துக்கு வழிகாட்டிய ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற பக்தி இயக்கத்தின் நினைவாக ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள்.

விதிகள் மூன்றுதான்.

ஒன்று, வீட்டை அங்கே தங்குபவர்களே ஜனநாயக முறையில் நடத்தணும். வாராவாரம் கூட்டம், ஆளுக்கு ஒரு ஓட்டு. தலைவர், பொருளாளர் எல்லாரும் ஆறு மாசத்துக்கு மேல் அதே பதவியில் உட்கார முடியாது.

இரண்டு, வாடகையும் கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் அவர்களே பங்கு போட்டுக் கட்டணும். தானம் கேட்டு உட்காரக் கூடாது.

மூன்று, குடித்தாலோ போதை எடுத்தாலோ அன்றைக்கே வெளியே. அழுதாலும் கெஞ்சினாலும் வெளியேதான்.

புதுசா ஒருவர் வரணும் என்றால் அங்கே இருப்பவர்களில் 80 விழுக்காட்டினர் ஓட்டுப் போடணும். வந்தபிறகு இத்தனை மாசம்தான் என்ற கெடு கிடையாது. ஒழுங்காக இருக்கும் வரைக்கும், பங்கைக் கட்டும் வரைக்கும் தங்கலாம். மூணு மாசம் இருந்தவரும் உண்டு, வருஷக்கணக்கில் இருப்பவரும் உண்டு. நம்ம விரதத்தில் இருக்கிற எல்லாமே இங்கே இருக்கு: கூட்டாளி, ஒழுங்கு, மரியாதை, "நான் மாட்டேன்" என்று சொல்ல ஒரு காரணம். மாலையைக் கழற்றும் தேதி மட்டும் இல்லை.

1988ல் அமெரிக்க அரசாங்கம் போதைத் தடுப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தபோது இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலமும் ஒரு லட்சம் டாலரில் சுழல்நிதி வைக்கணும் என்று அப்போது விதித்தது. ஆறு பேராவது சேர்ந்து வீடு எடுத்தால் 4,000 டாலர் வரைக்கும் கடன். இரண்டு வருஷத்தில் திருப்பிக் கட்டணும். அது வந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். நம்மிடம் கேட்கப்பட்டிருக்கிற முன்பணத்தை இதோடு பொருத்திப் பாருங்க. தானமாகக் கொடுத்தால் ஒரு வீடு. கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினால் அதே காசில் பல வீடு. கூட்டுப் பணம் போட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் புரியாத கணக்கு இல்லை.

அங்கேயும் அண்டை வீட்டார் வேணாம் என்றார்கள்

நம்ம கூட்டத்தில் எழுந்த பயம் நமக்கு மட்டும் வந்த பயம் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் எட்மண்ட்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே குடும்பங்கள் வாழும் பகுதியில் பத்து பன்னிரண்டு பேர் தங்கும் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் வந்தது. உறவுமுறை இல்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கக் கூடாது என்ற ஊர் விதியைக் காட்டி நகராட்சி எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1995ல் 6க்கு 3 என்ற கணக்கில் அந்த வீட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. குடியிலிருந்து மீளுபவர்களையும் உடல் குறையுள்ளவர்களைப் போலவே வீட்டு வாடகையில் ஒதுக்கி வைக்கக் கூடாது என்கிற சட்டத்திலிருந்து, இப்படிப்பட்ட ஊர் விதிக்கு விலக்கு கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அது அமெரிக்கச் சட்டம், நமக்குப் பொருந்தாது. ஆனால் அந்த வீடுகளால் பலன் உண்டா என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், அது நமக்கும் பயன்படும். சிகாகோவில் உள்ள டிபால் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஜேசன் குழு, சிகிச்சை முடித்து வந்த 150 பேரை இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுசுக்குப் போனார்கள், பாதிப் பேர் வழக்கம்போல வீட்டுக்கும் வெளி ஆலோசனைக்கும் போனார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், கூட்டு வீட்டுக்குப் போனவர்களில் 31 விழுக்காட்டினர் மீண்டும் குடியையோ போதையையோ தொட்டிருந்தார்கள். மற்றவர்களில் அது 65 விழுக்காடு. மாச வருமானமும் இவர்களுக்கு 989 டாலர், அவர்களுக்கு 440 டாலர். 2006ல் வெளியான ஆய்வு இது.

31 என்பதும் சின்ன எண் இல்லை, அதையும் நேராகச் சொல்லிடுறோம். மூன்றில் ஒருவர் தவறுகிறார். ஆனால் மூன்றில் இரண்டு பேர் தவறுவதற்கும் இதற்கும் நடுவில் எத்தனை மனைவி, எத்தனை பிள்ளை, எத்தனை அம்மா நிம்மதியாகத் தூங்குவாங்க என்று யோசிச்சுப் பாருங்க.

சிங்கப்பூர் ஆசிரமமும் நம்ம நாட்டு வழியும்

கோயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமே பதில் இருக்கு. சிங்கப்பூரில் 1970களில் ஹெராயின் பரவியபோது, அரசாங்கம் 1973ல் கடுமையான போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்தது, 1977ல் பெரிய வேட்டை நடத்தியது. பிடித்து உள்ளே வைப்பது ஒரு பக்கம். வெளியே வருபவர்களுக்கு இடம் வேணும் என்று முதலில் இறங்கியவர்களில் தேவாலயக்காரர்கள் முக்கியமானவர்கள். 1980களில் ஆரம்பித்த ஹெல்ப்பிங் ஹேண்ட் போன்ற இல்லங்களில் போதையிலிருந்து வந்தவர்களே வீடு மாற்றும் லாரி ஓட்டி, மரச்சாமான் விற்று, உழைத்துச் சாப்பிட்டார்கள். முஸ்லிம் அமைப்புகளும் இல்லங்கள் நடத்தின. 1995ல் சிறைத்துறை இப்படிப்பட்ட இல்லங்களைத் தன் திட்டத்துக்குள் முறைப்படி கொண்டுவந்தது.

நம்ம பக்கத்திலிருந்து 1999ல் இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் என்ற மறுவாழ்வு இல்லத்தைத் தொடங்கியது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் உட்பட நான்கு கோயில்களை நிர்வகிக்கும் வாரியம் அது. தீமிதியும் தைப்பூசமும் நடத்துகிற அதே நிர்வாகம், சிறையிலிருந்து வரும் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு கூரையும் போட்டது. 2004லிருந்து அங்கே மஞ்சள் ரிப்பன் இயக்கமும் நடக்கிறது. சிறையிலிருந்து வந்தவனுக்குச் சமுதாயம் தன் கதவைத் திறக்கணும் என்பதுதான் அதன் செய்தி.

நம்ம நாட்டில் 1983ல் வந்த சட்டப்படி, போதைக்கு அடிமையானவரை நீதிமன்ற உத்தரவில் இரண்டு வருஷம் மையத்தில் வைப்பதும் பிறகு இரண்டு வருஷம் கண்காணிப்பதும் வழக்கமாக இருந்தது. கட்டாயம் போதாது என்று உணர்ந்து, 2010லிருந்து தானாக முன்வந்து சிகிச்சை பெறும் நிலையங்களையும் அரசாங்கம் திறந்தது. பெங்காசே என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் தாங்களே போதையிலிருந்து மீண்டவர்கள், கூடி வாழ்ந்து தேறும் முறையை இங்கே வளர்த்தவர்கள். பாதை போட்டு வச்சிருக்காங்க. சிகிச்சைக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு படி, அதுவும் குடி நோயாளிகளுக்கு, நம்ம தாமான்களில் இன்னும் அபூர்வம்.

கெட்டுப்போன வீடுகளும் உண்டு

நல்லதை மட்டும் சொன்னால் அது விளம்பரம் ஆகிடும். இந்த வீடுகளின் பெயரில் மோசடியும் நடந்திருக்கு. 2023ல் அரிசோனா மாநிலத்தில் பெரிய ஊழல் வெளிவந்தது. பூர்வகுடி மக்களை "இலவச வீடு, சிகிச்சை" என்று வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒழுங்கான சிகிச்சை கொடுக்காமலே அரசாங்கத்திடம் பில் போட்டார்கள். மாநில அரசு நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணத்தை நிறுத்தியது. வீடு என்று சொல்லி ஆட்களைத் தெருவில் விட்டதுதான் மிச்சம்.

ஆகையால் நாமும் சில விஷயத்தில் கண்ணு திறந்திருக்கணும்.

இது ஆஸ்பத்திரி இல்லை. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். முதலில் டாக்டர், பிறகுதான் வீடு. டாக்டர் கொடுத்த மருந்தில் இருப்பவரை "இன்னும் விடலையா" என்று குத்திக்காட்டுவதும் கூடாது.

அடித்தோ பூட்டியோ யாரையும் திருத்தக் கூடாது. தானாக வந்தவர், தானாகப் போகலாம். வெளியே போகச் சொல்லும் விதி இருந்தால், போகச் சொன்ன ராத்திரி அவர் எங்கே போவார் என்பதும் முன்கூட்டியே எழுதி இருக்கணும்: எந்தக் குடும்பத்துக்குப் போன் பண்ணுவது, எந்தச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போவது என்று.

பணக் கணக்கு எல்லாருக்கும் தெரியணும். யாரும் இதில் லாபம் பார்க்கக் கூடாது. அவர்களுடைய உழைப்பைக் கோயில் திருவிழாவுக்கு ஓசியில் வாங்குவதும் கூடாது. தொண்டு செய்ய அவர்களே வந்தால் வரட்டும், மற்ற தொண்டர்களைப் போல.

இனி நம்ம கூட்டத்துக்கு

வரலாறு சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால், சபதம் எடுத்தவர்கள் இருந்தாங்க, கடையை மூடப் போராடி உயிர் கொடுத்தவர்கள் இருந்தாங்க, பிடித்து உள்ளே வைத்தவர்களும் இருந்தாங்க. ஒவ்வொன்றும் ஒரு அளவுக்கு உதவியது. ஆனால் அது முடிந்த மறுநாளைக்கு வாழ்வதற்கு ஓர் இடம் கொடுத்தபோதுதான் நிறையப் பேர் நிலைத்து நின்றார்கள். அந்த இடத்தைப் பெரிய கட்டடமாகக் கட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சாதாரண வீட்டில் ஆறு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நோட்டுப் புத்தகம், ஆளுக்கு ஒரு ஓட்டு என்று ஆரம்பித்தார்கள்.

"பிள்ளைங்க நடமாடுற இடம்" என்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இப்போதும் அந்தத் தாமானில் குடிப்பவர்கள் இருக்காங்க, யார் யார் என்று நமக்கே தெரியும். அவர்கள் வீட்டில் மூன்றாவது விதி எதுவும் கிடையாது. குடித்தால் அன்றைக்கே வெளியே போகணும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாழப்போகிற ஒரே வீடு இதுவாகத்தான் இருக்கும்.

"கோயில் பேரு" என்றவர்களுக்கும் ஒன்று. தோட்டத்தில் நம்ம முன்னோர் முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிட்டார்கள். குடித்தவனையும் குடிக்காதவனையும் ஒரே வாசலில் நிற்க வைத்த சாமி அது. இன்றைக்கு விட்டுவிட்டு வந்தவனை வாசலில் நிற்க வைத்தால் எந்தச் சாமி கோவிச்சுக்கும்?

ஆகவே தொண்டர் குழுவாக நாங்கள் கூட்டத்தில் முன்வைக்கப் போவது இதுதான். முன்பணத்தைத் தானமாக இல்லாமல் கடனாகக் கொடுப்போம். இரண்டு வருஷத்தில் மாசாமாசம் திருப்பிக் கட்டட்டும். மூன்று விதிகளையும் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை, எல்லா இனத்தவரையும், முன்கூட்டியே பார்த்துப் பேசுவோம். வீட்டு உரிமையாளருக்கு உண்மையை மறைக்காமல் சொல்வோம். ஆறு மாசம் கழித்து நிலவரத்தை இதே கூட்டத்தில் வைப்போம். சரி வரலைன்னா அதையும் சொல்லுவோம்.

யாராவது அவங்களை வேலைக்கு எடுக்க முடிந்தால் சொல்லுங்க. எந்தத் தொழிற்சாலையிலும் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. பழைய கட்டில், மெத்தை, ரைஸ் குக்கர் இருந்தால் கோயில் ஸ்டோரில் கொடுங்க. அதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கு, காசு செலவே இல்லை. பூஜை முடிந்து பந்தியில் உட்காரும்போது அவங்க பக்கத்தில் உட்காருங்க. விரத நாட்களில் "சாமி" என்று கூப்பிட்ட வாயால், மற்ற நாளிலும் "அண்ணே", "தம்பி" என்று கூப்பிடுங்க.

வீட்டில் யாராவது குடியில் கஷ்டப்படுறாங்கன்னா வெட்கப்படாமல் முதலில் கிளினிக்குக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்க. துணைக்கு ஆள் வேணும்னா கோயில் அலுவலகத்தில் எங்களைக் கேளுங்க, வருகிறோம்.

உங்கள் கருத்து மாறுபட்டாலும் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க. வராமல் இருக்காதீங்க.


ஆலயத் தொண்டர் குழு